வாசகர் கேள்விகள்: குவாய் பாலத்தின் பலகையில் யார் பெயர்?

போன இதழில் போர்க்கைதி முகாம் படங்களைப் பற்றி எழுதியபோது, 1957-ல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பத்தியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்க அந்தப் படத்துக்கே. கதையை முடிவுவரை பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் படம் பார்த்தேன். எதிரிக்கு அவ்வளவு நல்ல பாலத்தைக் கட்டிக் கொடுக்கிறாரே அந்தக் கர்னல், அவர் துரோகியா, பைத்தியமா?
*(தேனியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)*

இரண்டும் இல்லை தம்பி. துரோகிக்குத் தான் செய்வது என்னவென்று தெரியும். கர்னல் நிக்கல்சனுக்குக் கடைசி நிமிடம்வரை தெரியாது.

படத்தின் முதல் பாதியை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலம், சயாம் (இன்றைய தாய்லாந்து) காட்டில் ஒரு ஜப்பானிய முகாம். சரணடைந்த பிரிட்டிஷ் படை ஒன்று விசிலடித்தபடி அணிவகுத்து உள்ளே வருகிறது. ஆற்றின் மேல் ரயில் பாலம் கட்ட வேண்டும், அதிகாரிகளும் மண்வெட்டி பிடித்தாக வேண்டும் என்கிறார் முகாம் தலைவர் சைட்டோ. அதிகாரிகளை உடல் உழைப்பில் இறக்கக்கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. நிக்கல்சன் அந்த ஏட்டை எடுத்து நீட்டுகிறார். சைட்டோ அதை வாங்கி அதாலேயே முகத்தில் அறைகிறார். அப்புறம் நாள் முழுக்க வெயிலில் நிற்க வைக்கிறார்கள், தகரக் கூண்டில் அடைக்கிறார்கள். நிக்கல்சன் மசியவில்லை. வேலை நடக்காமல் கெடு நெருங்கவும், 1905-ல் ரஷ்யாவை ஜெயித்த ஆண்டு விழாவைச் சாக்காக வைத்து சைட்டோதான் இறங்கி வருகிறார். வெளியே கைதிகள் ஆரவாரம் செய்யும்போது அவர் தன் அறையில் தனியாகக் குலுங்கி அழுவார். ஜப்பானிய அதிகாரியை வெறும் அரக்கனாகக் காட்டிய போர்ப்படங்களுக்கு நடுவே, செசூ ஹயகவா நடித்த அந்த அழுகை எனக்குப் பெரிய விஷயம்.

கூண்டிலிருந்து வெளியே வந்து அலெக் கின்னஸ் நடக்கும் நடையை இன்னொரு முறை பாருங்கள். கால் ஒருபக்கம் போகிறது, உடம்பு ஒருபக்கம் போகிறது, ஆனாலும் நிமிர்ந்தே நடக்கிறார். போலியோ வந்து தேறிக்கொண்டிருந்த தன் சின்ன மகன் நடந்ததைப் பார்த்து அந்த நடையை எடுத்துக்கொண்டதாகக் கின்னஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அதுவரை அவர் நமக்கு வீரர். அதற்குப் பிறகு போய் வேலையைப் பார்க்கிறார். சிப்பாய்கள் வேண்டுமென்றே வேலையைக் கெடுத்து, சிரித்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். தன் படை ஒழுங்கு கெட்டுப் போகிறதே என்பதுதான் அவர் கவலை. ஒழுங்குக்கு வேலை வேண்டும், வேலை என்றால் நல்ல வேலையாக இருக்க வேண்டும். ரீவ்ஸ் என்ற அதிகாரி பொறியாளர். இந்த இடத்தில் ஆற்றின் அடி வெறும் சேறு, பாலத்தைத் தள்ளிப் போட வேண்டும் என்கிறார். இந்தக் காட்டு மரங்கள் எல்ம் மரத்தைப் போன்றவை, பழைய லண்டன் பாலத்தின் எல்ம் தூண்கள் 600 வருடம் நின்றன என்று பேச்சுவாக்கில் சேர்த்துச் சொல்கிறார். 600 வருடம் என்று கேட்டதும் நிக்கல்சன் முகம் மாறும். எனக்கு மொத்தப் படமும் அந்த முகத்தில் இருக்கிறது.

நான் ரயில்வேயில் பாலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மண் பரிசோதித்து, பைல் அடித்து, தூண் எழுப்பி, கர்டர் என்ற இரும்பு உத்தரத்தை ஏற்றி, முதல் டிராலி அக்கரை போய்ச் சேரும்போது வரும் நிறைவு சாதாரணமானது இல்லை. அது ஆளை விழுங்கக்கூடியது. வேலை நன்றாக வருகிறதா என்பது மட்டும்தான் அப்போது மண்டையில் ஓடும். இந்தப் பாதையில் என்ன ஏற்றிப் போகப் போகிறார்கள், யாரைக் கொல்லப் போகிறார்கள் என்ற கேள்விக்கு வரைபடத்தில் இடம் கிடையாது. நிக்கல்சன் அந்த வரைபடத்துக்குள் போய்விட்டார்.

எதற்காகக் கூண்டில் கிடந்தாரோ அதையும் அவரே விட்டுக்கொடுக்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? அதிகாரிகள் கைவேலை செய்யக்கூடாது என்று உயிரைப் பணயம் வைத்தவர், கெடு நெருங்கும்போது அதிகாரிகளைத் தானே வேலைக்கு இறக்குகிறார். அதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் குடிசைக்குப் போய், கொஞ்சம் எழுந்து நடமாட முடிந்த நோயாளிகளையும் கூட்டி வருகிறார். சைட்டோ அடித்து உதைத்துச் செய்ய முடியாததை அவர் இதமாகப் பேசியே செய்துவிடுகிறார். படத்தில் என்னை நடுங்க வைப்பது கடைசியில் வரும் வெடி இல்லை, இந்த ஆஸ்பத்திரிக் காட்சிதான்.

முடிந்ததும் ஒரு பலகை அடிக்கிறார்: பிரிட்டிஷ் ராணுவ வீரர்கள் திட்டமிட்டுக் கட்டிய பாலம் இது, 1943 பிப்ரவரி முதல் மே வரை. அந்தப் பலகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

மறுநாள் காலையில் ஆற்றில் தண்ணீர் இறங்கி, நாசவேலைக்கு வந்த தன் நாட்டு வீரர்கள் போட்ட வெடிக் கம்பி வெளியே தெரிகிறது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய், பாலத்தைக் காப்பாற்ற சைட்டோவையே துணைக்கு அழைக்கிறார். தன்னைத் தடுக்க ஓடிவந்து சுடப்பட்டு இறந்துகொண்டிருப்பவன், முன்பு இதே முகாமிலிருந்து தப்பிய கைதி என்று அடையாளம் தெரிந்த பிறகுதான் 'நான் என்ன செய்துவிட்டேன்' என்ற கேள்வி அவர் வாயில் வருகிறது. வெடிப்பெட்டியின் பிடிமேல் அவர் விழுந்தது தெரிந்தா, தெரியாமலா என்று நண்பர்களோடு பலமுறை வாதாடியிருக்கிறேன். தெரிந்துதான் என்பது என் கட்சி. கேள்வி வந்த பிறகு அவர் கால்கள் அந்தப் பிடியை நோக்கித்தான் நகர்கின்றன.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் அந்தப் பாலத்தைக் கட்டி வெடித்தார்கள் என்று அப்பா சொல்வார். முழு விவரம் தர முடியுமா?
*(ஹட்டனிலிருந்து ஒரு வாசகி)*

அப்பா சொன்னது உண்மை அம்மா. சயாம் கதையாக இருந்தாலும் படம் எடுக்கப்பட்டது இலங்கையில். நீங்கள் கொழும்புக்குப் போகும் வழியில் வரும் கித்துல்கலவில், களனி கங்கையின் குறுக்கே பாலத்தைக் கட்டினார்கள். அட்டையில் செய்த செட் இல்லை, சுமார் 425 அடி நீளத்துக்கு நிஜமான மரப்பாலம். மரங்களை இழுக்க யானைகள் வேலை செய்தன. படத்திலேயே யானைகளைப் பார்க்கலாம்.

1957 மார்ச் 10-ம் தேதி வெடிப்பதாக ஏற்பாடு. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவும் அரசுப் பெரியவர்களும் பார்க்க வந்திருந்தார்கள். ரயில் கிளம்பிவிட்டது. ஆனால் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இயக்குநர் டேவிட் லீன் வெடியை நிறுத்திவிட்டார். ரயில் பாட்டுக்குப் பாலத்தைக் கடந்து, அக்கரையில் இருந்த ஜெனரேட்டரில் மோதி நின்றது. விடிவதற்குள் அதைச் சரி செய்து, மறுநாள் காலை பிரதமர் முன்னாலேயே வெடித்தார்கள்.

ஒரு மனிதன் உயிருக்காக அன்றைய ஏற்பாடு முழுவதையும் நிறுத்திய அந்த முடிவை நான் மதிக்கிறேன். இரண்டாவது தடவை எடுக்க இன்னொரு பாலம் கிடையாது. எத்தனை கேமராவை எங்கெங்கே வைப்பது என்று எல்லாவற்றையும் ஒரே வெடிக்காகத் திட்டமிட்டிருந்தார்கள். திரையில் நாம் பார்க்கும் அந்தச் சில விநாடிகளில் மினியேச்சர் எதுவும் இல்லை. உண்மையான பாலம் முறிகிறது, உண்மையான ரயில் விழுகிறது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் கண் அதை நம்புகிறது.

தண்ணீர் குறைந்த நாளில் போனால் பாலத்தின் கான்கிரீட் அடித்தளங்களை இன்றும் பார்க்கலாம். ஆற்றில் ரப்பர் படகு விடும் பிள்ளைகளைக் கேளுங்கள், இடத்தைக் காட்டுவார்கள்.

கதை, திரைக்கதை இரண்டுமே ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் என்று டைட்டிலில் வருகிறது. ஆங்கிலேயர் பேசும் பேச்சு அவ்வளவு கச்சிதமாக இருக்கிறதே, எப்படி?
*(சென்னையிலிருந்து ஒரு வாசகர்)*

நல்ல காது உங்களுக்கு. நாவலை 1952-ல் எழுதியவர் பியர் பூல். திரைக்கதையை எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அன்றைய கம்யூனிச எதிர்ப்பு வேட்டையில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருவர் பெயரும் இருந்தது. அதனால் திரையில் அவர்கள் பெயரைப் போட முடியவில்லை. ஆங்கிலத்தில் எழுதாத பூல் பெயரில் ஆஸ்கார் அறிவிக்கப்பட்டது. சிறந்த படம், இயக்கம், நடிப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை, திரைக்கதை என்று அந்தப் படம் வாங்கிய 7 விருதுகளில் ஒன்று அது. உண்மையாக எழுதிய இருவருக்கும் 1980-களில்தான் அகாடமி அந்த விருதைக் கொடுத்தது. அப்போது இருவரும் உயிரோடு இல்லை. இப்போது வரும் பிரதிகளில் அவர்கள் பெயர் இருக்கிறது.

அந்த விசில் மெட்டு?
*(சேலத்திலிருந்து ஒரு வாசகர்)*

'கர்னல் போகி' என்ற ராணுவ நடை மெட்டு, 1914-ல் வந்தது. சிப்பாய்கள் அந்த மெட்டுக்குப் பாடிய வரிகள் வெளியில் சொல்லக் கூடாதவை, அதனால் படத்தில் விசிலாகவே வைத்தார்கள். இசையமைப்பாளர் மால்கம் ஆர்னல்ட் அதோடு இழைகிற மாதிரி இன்னொரு மெட்டை எழுதி வாத்தியக் குழுவுக்குக் கொடுத்தார். ஹெட்போனில் கேட்டால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும்.

நிஜத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஜப்பானியருக்கு இப்படி உதவினார்களா? அந்தப் பாலம் இன்னும் இருக்கிறதா?
*(கோவையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)*

நிஜப் பாலத்தைக் கட்டிய கைதிகள் இருந்தது தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் பக்கத்தில் தாமர்க்கான் என்ற முகாமில். அங்கே கைதிகளின் மூத்த அதிகாரியாக இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூஸி. அவர் நிக்கல்சனுக்கு நேர் எதிர். முறைத்துக்கொண்டால் தன் ஆட்கள்தான் அடிபட்டுச் சாவார்கள் என்று புரிந்துகொண்டு, வேலை நடப்பதுபோல ஒத்துப்போய், சோறு, மருந்து, ஓய்வு நாள் என்று எதை வாங்க முடியுமோ அதை வாங்கினார். இன்னொரு பக்கம் ஆட்கள் வேலையை முடிந்தமட்டும் கெடுத்தார்கள். கான்கிரீட்டைக் கலவை கெட்டுக் கலந்தார்கள். மரத்தூண்களை அரிக்கக் கறையான்களைப் பிடித்து வந்து விட்டார்கள். மரப்பாலத்தில் கறையான் என்ன செய்யும் என்று பாலத்தில் வேலை செய்த எவருக்கும் தெரியும். படம் வந்தபோது டூஸியோடு இருந்த கைதிகள் கொதித்துப் போனார்கள், அது நியாயமான கோபம். தன் நாயகனை, தான் கண்ட, எதிரியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அதிகாரிகளிடமிருந்து உருவாக்கியதாக பூல் சொல்லியிருக்கிறார்.

சைட்டோ என்ற பெயரிலும் ஒருவர் நிஜமாகவே அந்த முகாமில் இருந்தார். முகாம் தலைவர் இல்லை, அவருக்கு அடுத்த நிலையில் இருந்த சார்ஜென்ட் மேஜர். மற்றவர்களோடு பார்த்தால் மனிதத்தன்மை உள்ளவர் என்பதால், போர்க்குற்ற விசாரணையில் டூஸி அவருக்காகப் பேசினார். 1975-ல் டூஸி இறந்த பிறகு, அந்த சைட்டோ ஜப்பானிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் அவர் கல்லறையில் வணங்கிவிட்டு வந்தார். படத்தைவிட இந்தக் கதை எனக்கு ஒரு படி மேலே.

பாலம் ஒன்றல்ல, இரண்டு. 1943 தொடக்கத்தில் மரத்தில் ஒன்று, சில மாதங்கள் கழித்துப் பக்கத்திலேயே கான்கிரீட் தூண், இரும்பு கர்டர் வைத்து ஒன்று. கர்டர்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. நேசநாட்டு விமானங்கள் 1944, 45-ல் திரும்பத் திரும்பக் குண்டு போட்டன. மரப்பாலம் போய்விட்டது. இரும்புப் பாலத்தைப் போருக்குப் பின் பழுது பார்த்தார்கள், இன்றும் அதில் ரயில் ஓடுகிறது. மேல் விளிம்பு வளைந்த ஸ்பான்கள் (தூணுக்குத் தூண் உள்ள பகுதிகள்) பழையவை. நடுவே நேர்விளிம்போடு இருக்கும் இரண்டும் பின்னால் ஜப்பானில் செய்து பொருத்தியவை.

அந்த இடத்தில் ஓடிய ஆற்றின் பெயர் குவாய் இல்லை, மே குளோங். படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் ஆறு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், 1960-ல் தாய்லாந்து அரசு அந்தப் பகுதி ஆற்றுக்கு குவே யாய் என்று பெயரையே மாற்றிவிட்டது.

என் பாட்டியின் அண்ணன் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அந்தப் படத்தை டிவியில் போட்டால் பாட்டி அணைத்துவிடுவார். அதில் நம்மவர் ஒருவர் முகம்கூட இல்லை. அதை நீங்கள் ஏன் இவ்வளவு புகழ வேண்டும்?
*(மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி)*

உங்கள் பாட்டி அணைத்தது சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

விவரம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஜப்பானியர் போரின்போது போட்ட ரயில்பாதை அது. தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர், மீட்டர் கேஜ் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-ல் இரு முனைகளும் சேர்ந்துவிட்டன. காடு, மலை, மழை என்று எல்லாம் சேர்ந்த இடத்தில் இந்த வேகத்தில் பாதை போடுவதென்றால் மனித உயிரைப் பொருட்படுத்தாமல் இருந்தால்தான் முடியும். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000-க்கு மேல். இதைத்தான் உலகம் அறியும்.

ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப்போல மூன்று மடங்கு, 1,80,000-க்கும் மேல். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000-க்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது, பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலை இல்லை, அரிசி இல்லை. நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற பேச்சை நம்பி முதலில் போனார்கள். போனவர்கள் திரும்பாதது கண்டு மற்றவர்கள் மறுத்தபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்குள் கூட்டம் சேர்த்து, கதவை அடைத்து, அங்கிருந்தே ஏற்றிக்கொண்டு போனதாகவும் சொல்கிறார்கள். சினிமாவைப் பற்றி எழுதுகிற என்னால் அதை மட்டும் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை.

போர்க்கைதிகளுக்கு எவ்வளவு கொடுமை நடந்தாலும், அவர்களோடு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்ல ஆள் இருந்தது. செத்தவன் பெயரை எழுதி வைக்க ஒருவன் இருந்தான். நம் ஜனத்துக்கு இதில் எதுவும் இல்லை. சில இடங்களில் பெண்களும் குழந்தைகளும் கூடவே இருந்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். பிறகுதான் ஜப்பானியர் கைதிகளிலிருந்து மருத்துவக் குழுக்களைப் பிரித்து ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் பாதி கதை முடிந்திருந்தது.

பாதை போடுகிறவனாக ஒன்று சொல்கிறேன். 415 கிலோமீட்டரில் 600-க்கும் மேற்பட்ட பாலங்கள் இருந்தன, உண்மைதான். ஆனாலும் எந்தப் பாதையிலும் பெரும்பங்கு மண்வேலைதான். காடு வெட்டி, மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, கரை போட்டு, கல் பரப்பி, ஸ்லீப்பர் கட்டை சுமந்து போடுவது. பாலம் நின்றுகொண்டிருக்கும், அதைப் படமெடுக்கலாம், அதில் பெயர்ப்பலகை அடிக்கலாம். மண்கரையில் யாரும் பலகை அடிப்பதில்லை. நம்மவர்கள் பெரும்பாலும் அந்த மண்ணில்தான் வேலை செய்தார்கள். அதில் போட்ட தண்டவாளங்களிலும் ஒரு பகுதி மலாயாவில் பிடுங்கியவை. தம்பின்–மலாக்கா கிளைப்பாதையையே கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

படத்தில் உள்ளூர் மனிதர்கள் என்று வருவது தப்பிய கைதிக்கு உதவும் கிராமத்தாரும் வழிகாட்டும் ஒருவரும் சுமை தூக்கும் சில பெண்களும்தான். ஒரு முகாமுக்குள் நடக்கும் கதை, அதில் எல்லோரும் வர முடியாது என்று சமாதானம் சொல்லலாம். நான் அதைப் பாதிதான் ஏற்பேன். நாவலாசிரியர் பூல் 1930-களின் பிற்பகுதியில் மலாயாவில் ரப்பர் தோட்டங்களில் பொறியாளராக வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளர்களை அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. படம் எடுத்த கித்துல்கலவிலிருந்து மலை ஏறினால் தேயிலைத் தோட்டம், அங்கேயும் நம் ஜனம். இத்தனை பக்கத்தில் இருந்தும் கண்ணில் படவில்லை. நிக்கல்சன் அடித்த பலகையில் பிரிட்டிஷ் ராணுவ வீரர்கள் என்று மட்டும் எழுதியிருப்பதை ஒரு மனிதனின் அகந்தை என்று படம் காட்டுகிறது. அந்தப் பலகை எழுதாமல் விட்ட பெயர்களைப் படமும் எழுதவில்லை.

அப்படியென்றால் ஏன் புகழ்கிறேன்? அந்தப் படம் பார்த்த இடத்தில் பொய்யில்லாமல் பார்த்திருக்கிறது. வேலையின் மேல் வைத்த பெருமை ஒரு நல்ல மனிதனை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதை அதைவிட நன்றாகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை. அதைப் புகழாமல் இருந்தால் நான் பொய் சொன்னவன் ஆவேன். உங்கள் பாட்டியின் அண்ணனைப் பற்றிப் பேசாமல் புகழ்ந்தாலும் அப்படித்தான். அதனால் இனி இந்தப் பத்தியில் அந்தப் படத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்தே எழுதுவேன்.

தமிழில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் இதைப் பற்றிய நாவல்கள். இங்குள்ள வாசகர்களும் தேடிப் படிக்க வேண்டும். தமிழில் இதை ஒரு பெரிய படமாக யாராவது எடுக்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. பாலத்தில் ஆரம்பிக்க வேண்டாம். விடிகாலையில் தோட்டத்தில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) ஆள் கூப்பிடும் கங்காணியில் ஆரம்பிக்கட்டும். பெயர் எழுதும் கிராணி, முதுகில் பிள்ளையோடு நிற்கும் பெண், மூடிய சரக்கு வண்டியில் பான் பொங் வரை நாள்கணக்கில் பயணம், இறங்கியபின் காட்டுக்குள் நடை. நடிக்க ஆள் இருக்கிறார்கள், கதை சொல்ல உங்கள் ஊர்களில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பாட்டி இன்னும் பேசும் நிலையில் இருந்தால், அண்ணன் பெயர், தோட்டத்தின் பெயர், கூடப் போனவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். எனக்கும் அனுப்புங்கள், பாட்டி சம்மதித்தால் அச்சிடுகிறேன்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாமா?
*(திருச்சியிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியை)*

காட்டலாம், டீச்சர். 161 நிமிடம், ஒரே மூச்சில் உட்கார மாட்டார்கள். சைட்டோ அழும் இடத்தில் முதல் நாளை நிறுத்துங்கள். இந்தக் கர்னல் நல்லவரா என்று கேட்டு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் நாள் முடிவைப் பார்த்தபின் அதே கேள்வியை அதே தாளில் மறுபடி எழுதச் சொல்லுங்கள். மேலே உள்ள சுங்கை சிப்புட் கடிதத்தையும் வாசித்துக் காட்டினால் மூன்றாம் நாளுக்கும் வேலை இருக்கும்.

குடும்பத்தோடு பாங்காக் போகிறோம். காஞ்சனபுரியில் நம்மவர் நினைவாக ஏதாவது இருக்கிறதா?
*(ஈப்போவிலிருந்து ஒரு வாசகர்)*

இருக்கிறது. பாங்காக்கின் தொன்புரி நிலையத்திலிருந்து நாம் தோக் போகும் ரயிலில் ஏறுங்கள், காஞ்சனபுரியில் இறங்குங்கள். ஊருக்குள் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, படைப்பிரிவு என்று அவ்வளவு அக்கறையாகப் பராமரிக்கிறார்கள். பக்கத்திலேயே ரயில்பாதை அருங்காட்சியகம். அதையும் பாருங்கள், ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் சொல்கிறார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் வாட் தாவோன் வராராம் என்ற புத்த விகாரை இருக்கிறது. அங்கே போகாமல் திரும்பிவிடாதீர்கள். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் நினைவுத் தூபி அங்குதான். உங்கள் நாட்டுத் தமிழர்கள் முயன்று நட்ட நடுகல்லும் அதே வளாகத்தில். சுற்றுலா வண்டிகள் அங்கே நிறுத்துவதில்லை, ஓட்டுநரிடம் பெயரை எழுதிக் காட்டிக் கேளுங்கள்.

பாலத்தைப் பார்த்துவிட்டு ரயிலில் நாம் தோக் வரை போங்கள். வழியில் தாம் கிராசே என்ற இடத்தில் பாறையை ஒட்டி ஆற்றோரமாக நீண்ட மரப்பாலம் வரும், ரயில் ஊர்ந்துதான் போகும். இடது பக்கம் உட்கார்ந்தால் ஆறு தெரியும். அதற்கு அப்பால் ஹெல்ஃபயர் பாஸ், கைதிகளும் தொழிலாளர்களும் பாறையைக் கையால் குடைந்த வெட்டு. ரயில் அதுவரை போகாது, நாம் தோக்கிலிருந்து வண்டி பிடிக்க வேண்டும். 1998-ல் திறந்த அருங்காட்சியகம் ஒன்று அங்கே இருக்கிறது. கீழே இறங்கப் படிகள் அதிகம், வயதானவர்கள் இருந்தால் மேலேயே உட்கார வையுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.